நாய்ப் பங்கில் விழுந்த போர்வை

பழநி ஆண்டவர் துணை

கொடைக்கானல்,
ஆவணி மாதம் கடைசி வெள்ளி, 1987

அன்பும் அடக்கமும் நிறைந்த மருமகப்பிள்ளை ஞானவேலுக்கு மாமன் நாச்சிமுத்து ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும், என் இடது முழங்கால் நீங்கலாக, நலம். அங்கே நீயும், என்னுடன் பிறந்தவளும் உன்னைப் பெற்றவளுமான பாப்பம்மாளும் எப்படி இருக்கிறீர்கள் என்பதையும், அவளுடைய மூச்சிரைப்பு எந்த மட்டில் இருக்கிறது என்பதையும் அடுத்த கடிதத்தில் ஒளிக்காமல் எழுதவும். மலையில் மழை பிடித்துக்கொண்டது. துவைத்த வேட்டி காய்வதற்குள் அது யாருடைய வேட்டி என்பதே மறந்துபோகிறது.

நிற்க. உன் கடிதம் கிடைத்துப் படித்தேன், உன் அத்தைக்கும் படித்துக் காட்டினேன். மதுரையில் டெலிபோன் ஆபீசில் உத்தியோகம் பார்க்கிற நீ, கூட வேலை பார்ப்பவர்களோடு ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்து குகை, பூதம், புதையல் என்று ஒரு கதை விளையாட்டு ஆடுவதாகவும், அது சிங்கப்பூரிலிருந்து இப்போதுதான் வந்திறங்கியதாகவும், புத்தகம் இருக்கிறது ஆனால் பல முகம் வைத்த பகடை இல்லாததால் சீட்டைக் கிழித்துக் குலுக்கிப் போடுவதாகவும், ஆகவே வெள்ளைக்காரர் எனக்குக் கொடுத்த இருபது முகப் பகடையைப் பஞ்சில் பொதிந்து தபாலில் அனுப்பும்படியும் எழுதியிருக்கிறாய். அதோடு, போன வாரம் புதையலில் கிடைத்த ஒரு மோதிரத்துக்காக உங்களுக்குள் சண்டை வந்து, ஒருவன் இனிமேல் உன் வீட்டு வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று எழுந்து போய்விட்டதாகவும் எழுதியிருக்கிறாய். இப்போதுதான் வந்திறங்கியது என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மருமகனே, அந்த விளையாட்டு தமிழ் பேசத் தொடங்கியது மதுரையில் அல்ல, என் அடுப்படியில். அதில் புதையல் பிரிப்பது எப்படி என்று ஊருக்குத் தெரிவதற்கு ஐந்து வருஷம் முன்பே நாங்கள் சண்டை போட்டு, பேச்சை நிறுத்தி, தீர்ப்பும் சொல்லி முடித்துவிட்டோம். பகடையை ஏன் அனுப்ப முடியாது என்பதற்கு நான் அந்தக் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். வேறு சோலி இருந்தால் முடித்துவிட்டு வந்து படி.

அப்போது நான் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதியில் தலைமைச் சமையல்காரன். என் கேரமல் புட்டிங்கைத் தின்றுவிட்டு ஒரு துரை சொந்தத் தாயை நினைத்துத் தேம்பித் தேம்பி அழுதது உனக்குத் தெரிந்த கதை. மழைக்கால லீவு விட்டால் பிள்ளைகளெல்லாம் பெட்டி கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். விடுதியில் மூன்று ஆள்தான் மிச்சம். நான் ஒன்று. வாசல் காவலுக்குக் கவுஞ்சி ஊர்க்காரன் மலைச்சாமி ஒன்று. அவன் பேச ஆரம்பிப்பதற்குள் பால் பொங்கி வழிந்துவிடும், அவ்வளவு பேச்சுக் கஞ்சன். துணி வெளுக்கிற பொறுப்பில் இருந்த அமிர்தவல்லி ஒன்று; சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம், இன்னும் ரொட்டியைப் பாண் என்றுதான் சொல்லும், என்னைவிட வயதில் சின்னது, வாயில் பெரியது. எண்பத்திரண்டாம் வருஷத்து லீவில் நாலாவதாக வால்டர் சார் வந்து சேர்ந்தார். புதிதாக வந்த வாத்தியார், மீசை சரியாக முளைக்காத வயது. ஊருக்குப் போய்வர விமானச் செலவுக்கு வழியில்லை என்று விடுதியிலேயே தங்கிவிட்டார். அவருக்குத் தமிழ் பழக வேண்டும், எங்களுக்குக் குளிருக்கு ஒடுங்க ஓர் இடம் வேண்டும். என் அடுப்பு இரண்டுக்கும் பொதுவாக எரிந்தது. ஒருநாள் சாயங்காலம் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் திறந்தார். உள்ளே கண்ணாடிக் கல் மாதிரி நாலு பகடை. நாலு முகம், எட்டு முகம், பன்னிரண்டு முகம், இருபது முகம். தாயக்கட்டையை மட்டும் பார்த்திருந்த மலைச்சாமி இருபது முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்த மரத்துக் காய் என்று கேட்டான்.

விளையாட்டு உனக்குத் தெரியும், இருந்தாலும் உன் அம்மா படிப்பாள் என்பதால் எழுதுகிறேன். வால்டர் சார் கதை சொல்வார். கதைக்குள் நாங்கள் ஆளுக்கொரு வேஷம். எதிரே இன்னது வருகிறது, நீ என்ன செய்கிறாய் என்று அவர் கேட்பார். சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும், விழுகிற எண்ணைப் பொறுத்து நடக்கும் அல்லது கவிழும். நான் பிறவியிலேயே தளபதி என்பதால் வாள் பிடித்த வீரனாக நின்றேன். அமிர்தவல்லி மந்திரக்காரி. மலைச்சாமி வில்லாளி. ஆனால் அவன் நாய் இல்லாமல் குகைக்குள் கால் வைக்க மாட்டேன் என்றான். புத்தகத்தில் வில்லாளிக்கு நாய் கிடையாது என்றார் வால்டர் சார். புத்தகம் எழுதினவன் வேட்டைக்குப் போனதில்லை போலிருக்கிறது என்று மலைச்சாமி சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்கே போய்விட்டான். நாயைச் சேர்த்த பிறகுதான் வந்தான். அதற்குச் சடையன் என்று பேரும் வைத்தான். அது அவன் வீட்டிலே நிஜமாக வளர்த்த நாயின் பேர் என்பதும், முந்தின வருஷம் கிழங்குக் காட்டில் பன்றி கிழித்து அது செத்துப்போனதும் எங்களுக்கு அப்போது தெரியாது. அவன் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை.

பத்துப் பதினைந்து சாயங்காலம் ஆடி, கடைசியில், சிறகு முளைத்து நெருப்புக் கக்குகிற பறவைப் பாம்பு ஒன்று படுத்திருந்த குகைக்கு வந்தோம். வால்டர் சாருக்கு அதற்குத் தமிழ்ச் சொல் தெரியாமல் பெரிய பல்லி, பெரிய பல்லி என்றே சொன்னார். பல்லி என்றதும் நாங்கள் கொஞ்சம் அலட்சியமாகத்தான் இருந்தோம். உள்ளே போய்ப் பார்த்தால் பண்ணைக்காட்டு பஸ் அளவுக்குக் கிடக்கிறது. உன் அத்தை இப்போது தோள்மேல் எட்டிப் பார்த்து, போன தடவை எருமை அளவு என்றுதானே சொன்னீர்கள் என்கிறாள். அவள் அங்கே இல்லை. மலைச்சாமி முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்டு, பல்லியின் புழுக்கையைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து, வால்டர் சார் அரைமணி நேரம் அகராதி புரட்டினார். பிறகு சண்டை. அமிர்தவல்லி மந்திரம் போட்டு அதைத் தூங்கப் பண்ணியது. மலைச்சாமி அம்பு கழுத்துச் செதிலுக்கு நடுவே போய்ச் செருகியது. சடையன் வாலைக் கவ்வியது. நான் இருபது முகத்தை உருட்டியதில் ஒன்று விழுந்தது. ஒன்று விழுந்தால் வழுக்கி விழுவது என்று புத்தகம் சொல்லுமாம். நான் வழுக்கவில்லை. பல்லியின் வயிறு கீழேதான் இருக்கும் என்று தெரிந்து, வேண்டுமென்றேதான் படுத்தேன். அடுத்த உருட்டில் படுத்த வாக்கிலேயே வயிற்றைக் கிழித்தேன். ஆகவே பல்லியைக் கொன்றது நான். இதில் மற்றவர்களுக்கு வேறு அபிப்பிராயம் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது புதையல். வால்டர் சார் கண்ணைப் பெரிதாக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். இருட்டில் நிலா மாதிரி ஒளிவிடும் ஒரு வாள். ஒரு மிடாப் பொன் காசு. கையில் போட்டால் ஆள் மறைந்துபோகும் மோதிரம். இவற்றோடு, கடைசியில், ஒப்புக்குச் சொல்வதுபோல ஒரு போர்வை. அதைப் போர்த்தினால் குளிரே தெரியாது. சொல்லிவிட்டு, வாளுக்கு அடிதடி வரும் என்று எங்கள் முகத்தைப் பார்த்தார். ஒருவரும் வாளைப் பற்றிப் பேசவில்லை. மூன்று பேரும் ஒரே மூச்சில் போர்வை எனக்கு என்றோம். அவருக்குப் புரியவில்லை, பாவம். அது கார்த்திகை மாதம், மருமகனே. ஏரியிலிருந்து கிளம்பிய பனிமூட்டம் ஜன்னல் வழியாக அடுப்படிக்குள் வந்து நின்று எங்களோடு சேர்ந்து கதை கேட்கிற குளிர். நான் வெள்ளனே எழுந்து அடுப்பு மூட்டப் போகையில் வாளித் தண்ணீர் கையைக் கடிக்கும். மலைச்சாமிக்கு வாசல் கூண்டில் கோணிச்சாக்குதான் கம்பளி. அமிர்தவல்லிக்கு நாளெல்லாம் பச்சைத் தண்ணீரில் விரிப்பு அலசி அலசி விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது. நிலா மாதிரி ஒளிவிடும் வாளை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது.

புத்தகத்து முறைப்படி ஆளுக்கொரு தடவை உருட்டி, பெரிய எண் விழுந்தவர் முதலில் எடுக்கலாம் என்றார் வால்டர் சார். அதை நான் ஒப்பவில்லை. நம் குடும்பம் பழநியில் கோயில் சேவகத்தில் இருந்த குடும்பம்; நம் பாட்டனார் சுவாமிக்குக் குடை பிடித்தபோது மழை அவர்மேல் மட்டும் பெய்யாது; அப்படிப்பட்ட வம்சத்தில் பிரசாதமே முதல் மரியாதை யாருக்கு, இரண்டாவது யாருக்கு என்று வரிசைப்படிதான் கொடுப்பார்கள், ஆகவே தளபதி என்ற முறையில் முதல் மரியாதை எனக்கு என்றேன். அமிர்தவல்லி சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகியது. எங்கள் தோட்டத்தில் அவரவர் பறித்த கொழுந்தை நிறுத்துத்தான் கூலிக்குப் பேர் போடுவார்கள், அவரவர் செய்த வேலையை நிறுத்துப் பார்த்தால் பல்லியைத் தூங்கப் பண்ணின எனக்குத்தான் போர்வை என்றது. சரி, யார் நிறுப்பது என்று நான் கேட்டேன். அதுதானே, தராசு எப்போதும் கங்காணி கையில்தானே இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லி, இன்னும் கோபமாகி உட்கார்ந்தது. மலைச்சாமி மட்டும் வேட்டைப் பங்கு மாதிரி கூறு போடலாம் என்றான். அதிலும் நாய்க்கு ஒரு கூறு வைக்க வேண்டும் என்றான். நாய்க்குப் பங்கா என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் கெட்டது. அவன் தடியை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். அமிர்தவல்லி அவன் பக்கம் பேசிவிட்டு எழுந்து போனது. இல்லாத பல்லி, இல்லாத குகை, இல்லாத போர்வை. ஆனால் அடுப்படி நிஜமாகவே காலியாகிப் போனது.

அடுத்து வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது. வாசலுக்கு நான் டீ அனுப்பவில்லை. அமிர்தவல்லி என் ஏப்ரனைத் துவைக்காமல் ஆணியில் மாட்டிவைத்தது, அதுவும் கறை எனக்குத் தெரிகிற மாதிரி. மலைச்சாமி, எனக்கு வருகிற காய்கறிக் கூடைக்காரனைக் கேட்டிலேயே நிறுத்தி, நீ யார், எந்த ஊர், என்ன சோலி என்று ஆதியோடந்தமாக விசாரித்துவிட்டுத்தான் விட்டான். கீரை வாடி வந்தது. நடுவே மாட்டிக்கொண்டவர் வால்டர் சார். என் கைப்பக்குவம் மனசைப் பொறுத்தது. மூன்று வேளையும் உப்பில்லாமல் தின்று அந்தப் பிள்ளை இளைத்தே போனது. சாயங்காலம் மேஜையில் தனியாகப் பகடையை உருட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இருபது விழும், சொல்லிச் சந்தோஷப்பட ஆள் இருக்காது. லீவு முடிந்ததும் அவர் ஊர் திரும்ப வேண்டும் என்று கடுதாசி வேறு வந்திருந்தது. அதற்குள் இந்த மேஜை மறுபடி கூடுமா என்பதுதான் அவருக்கு ஒரே கவலை. எனக்கும் அதுதான். ஆனால் தளபதி முதலில் போய் நிற்க முடியாது அல்லவா.

கடைசியில் அவரே ஆளாளுக்குப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்து, நான் யோசித்துப் பார்த்தேன், அந்தக் குகையில் ஒரு போர்வை அல்ல, மூன்று போர்வை இருந்தது, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனசு. ஆனால் எங்கள் மூன்று பேருக்கும் முகம் சுருங்கிவிட்டது. மலைச்சாமிதான் பேசினான்.

"வேட்டையில ஒரு பன்னி விழுந்தா ஒரு பன்னிதான் சார். பங்கு போடச் சங்கடமா இருக்குன்னு மூணு பன்னி விழுந்துச்சுன்னு சொல்ல முடியுங்களா? அப்பறம் எதுக்குங்க வேட்டைக்குப் போறது."

அந்த வார்த்தை எனக்குப் பிடித்துப்போயிற்று. சரி, நீ சொன்ன கூறுதான் போடு, நாய்க்கும் சேர்த்தே போடு என்று நானே பெரிய மனசு பண்ணிச் சொன்னேன். அவன் மேஜையைத் துடைத்தான். வாளுக்கு என் ரொட்டிக் கத்தி. பொன் காசுக்கு ஊறவைத்த கொண்டைக்கடலை. மோதிரத்துக்குக் குக்கர் வளையம். போர்வைக்கு அடுப்புக் கரித்துணி. நாலு கூறு. கூறு என்றால் எந்தக் கூறு விழுந்தாலும் விழுந்தவனுக்கு வயிறெரியக் கூடாது, அப்படிச் சமமாக வைக்க வேண்டும். அதுதான் அதில் வித்தை. கத்தியோடு கொஞ்சம் கடலை, வளையத்தோடு அதைவிடக் கொஞ்சம் கூட, மூன்றாவதில் கடலை மட்டும் குவியலாக, கரித்துணி பக்கத்தில் ஒரு கடலைகூடக் கிடையாது. ஒரு கடலையை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று அவன் மாற்றி மாற்றி வைத்ததில் வால்டர் சாருக்குத் தூக்கமே வந்துவிட்டது. பிறகு ஒருத்தர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். இன்னொருத்தர் ஒரு கூற்றைத் தொட்டு இது யாருக்கு என்று கேட்க வேண்டும். திரும்பி நிற்பவர் பார்க்காமல் பேர் சொல்ல வேண்டும். சொன்ன பேருக்குச் சொன்னது. அப்புறம் அப்பீல் கிடையாது. நேர்மைக்குப் பேர்போனவன் என்பதால் என்னைத்தான் திரும்பி நிற்கச் சொன்னார்கள். என் ஏப்ரன் ஆணியில் தொங்கியதால் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அமிர்தவல்லி தொட்டுக் கேட்டது, இது யாருக்கு. அமிர்தவல்லிக்கு என்றேன், கடலைக் குவியல் விழுந்தது. அடுத்து இது யாருக்கு என்றது. மலைச்சாமிக்கு என்றேன், மோதிரம். மிச்சம் வாளும் போர்வையும், நானும் நாயும். மூன்றாவதாக அமிர்தவல்லி கேட்டது, இது யாருக்கு. தொட்டிருப்பது போர்வையைத்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று இப்போது சொல்லலாம், ஆனால் தெரியாது. என் பேரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பழநி ஆண்டவன் நாக்கில் வந்து உட்கார்ந்தான் என்றுதான் சொல்ல வேண்டும்.

"சடையனுக்கு."

திரும்பிப் பார்க்கிறேன், கரித்துணியைத் தொட்ட விரலை எடுக்காமல் அமிர்தவல்லி நிற்கிறது. வால்டர் சார் வாயைத் திறந்துகொண்டு இருக்கிறார். நாய் அவனுடைய நாய்தானே, போர்வை எப்படியும் மலைச்சாமிக்குப் போய்விட்டதே என்று கேட்டேவிட்டேன். மலைச்சாமி இல்லை என்று தலையை ஆட்டினான்.

"நாய்ப் பங்க ஆளு தொடக்கூடாதுண்ணே. அது அதுக்குத்தான். போன வருசம் பேரி மரத்தடியில குழி வெட்டி வச்சேன். மழை பேஞ்சா அந்த இடந்தான் மொதல்ல ஊறும். நெதம் நெனப்பேன், எப்பிடிக் குளிருதோன்னு."

அப்போதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அடுப்பில் புகை என்று சொல்லி மப்ளரால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அடுப்பு அணைந்து வெகு நேரமாகியிருந்தது. அமிர்தவல்லி கரித்துணியை எடுத்து, இரண்டாக மடித்து மேஜையின் ஓரத்தில், ஒரு நாய் சுருண்டு படுத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு இடத்தில் பரப்பியது.

"குளிராமக் கெடக்கட்டும்ங்க" என்றது. "தோட்டத்து லயத்து வீட்டுல நாங்க அஞ்சு பேரு ஒரு கம்பளியில கெடந்தவங்க. எங்களுக்குப் பழக்கம்."

அதற்குப் பிறகு லீவு முடிகிற வரைக்கும் ஒரு சாயங்காலம்கூடத் தவறாமல் ஆடினோம். கரித்துணி மேஜை ஓரத்தைவிட்டு நகரவில்லை. நான் அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்க வேறு துணி தேடிக்கொண்டேன். வாள் எனக்கு விழுந்தது என்பதையும் இந்த இடத்தில் எழுதிவிடுகிறேன். அதை வைத்து நான் செய்த காரியங்கள் தனிக் கடிதம் பிடிக்கும். தை பிறந்ததும் வால்டர் சார் புறப்பட்டார். பஸ் ஸ்டாண்டில் அட்டைப்பெட்டியை எங்கள் கையில் கொடுத்து, எனக்கு இதைவிட நல்ல புதையல் இல்லை, உங்கள் முறைப்படி பிரித்துக்கொள்ளுங்கள் என்றார். பஸ் கிளம்புவதற்குள் அங்கேயே ஒரு பெஞ்சியில் கூறு போட்டோம். நாலு பகடை, நாலு கூறு. இந்தத் தடவை சுவரைப் பார்த்து நின்றவர் அவர். இருபது முகம் எனக்கு, பன்னிரண்டு அமிர்தவல்லிக்கு, எட்டு மலைச்சாமிக்கு, நாலு முகம் சடையனுக்கு. நாய்ப் பங்கை மலைச்சாமி கவுஞ்சிக்குக் கொண்டுபோய்ப் பேரி மரத்தடியில் புதைத்துவிட்டான். வால்டர் சார் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு எல்லாருக்கும் எல்லாம் கிடைத்ததா என்று தமிழில் கேட்டார். ஒரு தப்பும் இல்லாத தமிழ். நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

இதில்தான் நீ கேட்டதற்குப் பதில் இருக்கிறது. பகடை ஆளுக்கொன்றாகப் போனதால் ஒருவர் இல்லாமல் மற்றவர் ஆட முடியாது. அமிர்தவல்லி இப்போது மகளோடு அடுக்கம் கிராமத்தில் இருக்கிறது. மலைச்சாமி காவல் வேலையை விட்டுவிட்டு ஊரிலே பூண்டும் கிழங்கும் போடுகிறான். நானும் விடுதியை விட்டு வீட்டோடு வந்துவிட்டேன். ஆனாலும் வருஷா வருஷம் கார்த்திகையில் ஒரு நாள், பகடையை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று நான் கார்டு போடுவேன், இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். நான் இருபது முகத்தை அலமாரியிலிருந்து எடுத்து வைப்பேன். அமிர்தவல்லி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டும். மலைச்சாமி மடியைத் தட்டி, இருக்கு என்பான். பிறகு சாப்பாடு. பிறகு பல்லியைக் கொன்றது யார் என்று ஒரு பேச்சு. அது முடிவதற்குள் கவுஞ்சி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும், அடுத்த வருஷம் ஆடிக்கொள்ளலாம் என்று எழுந்துவிடுவோம். இப்போது நான் என் பங்கைத் தூக்கி உனக்கு அனுப்பிவிட்டால் கார்டில் என்ன எழுதுவது? சும்மா வா என்றால் யார் வருவார்கள்? மலைச்சாமி சோலிக்காரன், ஒரு காரணமில்லாமல் காட்டை விட்டு இறங்க மாட்டான். நாய்ப் பங்கு போக மிச்சமிருக்கிற மூன்றில் ஒரு பகடை குறைந்தாலும் ஆட்டம் இல்லை, ஆட்டம் இல்லையென்றால் கூட்டம் இல்லை. ஆகவே, மருமகன் கேட்டு மாமன் இல்லை என்று சொல்வது இதுதான் முதல் தடவை, அனுப்ப முடியாது. வேண்டுமானால் கேரமல் புட்டிங் செய்முறை அனுப்புகிறேன்.

மோதிரத் தகராறுக்கு மட்டும் வழி சொல்கிறேன். கோபித்துக்கொண்டு போனவனைக் கூப்பிட்டுக் கூறு போடச் சொல். போடுகிறவன் சமமாகப் போடட்டும், பேர் சொல்கிறவன் திரும்பி நிற்கட்டும். அங்கே இல்லாத ஒருத்தருக்கும் ஒரு கூறு வையுங்கள். சண்டைக்குரிய பொருள் பெரும்பாலும் அங்கேதான் போய் விழும். விழுந்தால் எல்லாருக்கும் நிம்மதி.

உன் அம்மாவை முருங்கைக்கீரை சாப்பிடச் சொல். நீயும் சம்சாரமும் குழந்தைகளும் சகல பாக்கியமும் பெற்று, குளிர் இருமல் அண்டாமல், தேக சுகத்தோடு நீடூழி வாழப் பழநி ஆண்டவன் அருள்வான். அவன் மறந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள தாய்மாமன்,
நாச்சிமுத்து,
முன்னாள் தலைமைச் சமையல்காரன், தளபதி

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை எடுக்கப் போன சமயம், பூண்டு மூட்டையைச் சந்தையில் இறக்கிவிட்டு மலைச்சாமி வந்தான். எழுத்து நன்றாக வந்திருக்கிறதே என்று முழுதும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். அடுப்படியில் குந்தி, கொண்டுவந்த பூண்டை உரித்துக்கொண்டே கேட்டான். படித்து முடித்த பிறகும் தலை நிமிரவில்லை.

"அண்ணே, அந்தத் தம்பி கேட்டா குடுத்துருங்க" என்றான். "எங்கிட்ட இருந்தது எப்பவோ போச்சு. கெழங்கு தோண்டையில மடியில இருந்து எங்கயோ விழுந்துருச்சு. காட்டையே பெரட்டிப் பாத்தேன், கெடைக்கல."

அப்படியானால் வருஷா வருஷம் மடியைத் தட்டிக் காட்டினாயே, அதில் என்னடா இருந்தது என்றேன். புளியங்கொட்டை என்றான். பிறகு எதற்கு அவ்வளவு தூரம் மலை சுற்றி பஸ் ஏறி வந்தாய் என்றேன்.

"காய் இல்லைன்னு தெரிஞ்சா கூப்பிட மாட்டீங்கன்னு நெனச்சேன்."

ஆகவே மருமகனே, பகடையை அனுப்ப முடியாது என்று நான் எழுதிய பக்கத்தை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். இருபது முகத்தை இதோடு பஞ்சில் பொதிந்து வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது கீழே விட்டுவிடாதே. அமிர்தவல்லிக்கும் ஒரு கார்டு போட்டுவிட்டேன், பகடையைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை; கார்த்திகையில் வா, சாப்பாடு இங்கே என்று மட்டும் எழுதியிருக்கிறேன். மலைச்சாமி இன்னும் அடுப்படியில்தான் இருக்கிறான். கவுஞ்சி பஸ் போய்விட்டது. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். பல்லி கதையில் நான் வழுக்கித்தான் விழுந்தேன் என்று உன் அத்தையிடம் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறான், அவசரமாகப் போகிறேன்.